கடன் கொப்பியும் மூத்த வணிகரும்

சிறு கடையொன்று நொடித்துப்போனால், முதல் போதவில்லை என்பதே நாம் கேட்கும் காரணம். பலவேளை உண்மை வேறு. கடன் கொப்பியில் இலாபம் நிறைந்திருக்கும். மொத்த வியாபாரிக்குப் பணங்கொடுக்கும் நாளிலோ பெட்டியிற் காசு இராது. பெட்டிக்காசு வீட்டுச் செலவோடு கலந்திருந்தால், எங்கே போயிற்று என்பதும் விளங்காது.

வங்கி கடன் தரும், மாதந்தோறும் வந்து, "வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு?" என்று கேளாது. அனுபவமுள்ள வணிகர் ஒருவர் கேட்பார். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்கோர் என்னும் அமைப்பில், இளைப்பாறிய வணிகரும் நிர்வாகிகளும் சிறுவணிகர்க்கு இத்துணையைக் கட்டணமின்றி அளித்து வருகின்றனர்.

இத்தகைய ஒருவரை நாடுவோர், அதே சந்தையில் அதே சரக்கை விற்பவரைத் தவிர்த்தல் நன்று; அவர் முன் கொப்பியை முழுமையாக விரிக்க மனம் வராது.