டிஸ்க்கைத் திருப்பிப் போட்டால் படம் வரும்

ஒரு சிடியில் எந்தப் பக்கத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். அந்தப் பக்கத்திலோ சுமார் 1.2 மில்லிமீட்டர் கனத்துக்குப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் காவல் நிற்கிறது. சிறு கீறல் விழுந்தாலும் மெருகேற்றிச் சமாளித்துவிடலாம். பெயர் எழுதுகிற மேல்பக்கம்தான் ஆபத்தான பக்கம். தகவல் பதியும் சாய அடுக்கு, அதன் மேல் உலோகப் பூச்சு, இரண்டையும் மூடிய மெல்லிய வார்னிஷ். அவ்வளவுதான் அங்கே இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவை அழுத்தி நாலு எழுத்து எழுதினால் உலோகப் பூச்சே நசுங்கிவிடும். அந்த இடத்தில் பாட்டு நின்றுபோகும்.

வீட்டுக்கு வீடு சிடி ரைட்டர் வந்த காலத்தில் இது பெரிய தொல்லையாக இருந்தது. கல்யாண கேசட்டும் குழந்தையின் முதல் பிறந்தநாளும் டிஸ்க்குக்கு மாறின. ஐம்பது டிஸ்க்கும் ஒரே மாதிரி இருந்தால் எது எதென்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிலர் மார்க்கரால் கிறுக்கினார்கள். சிலர் கம்ப்யூட்டரில் அழகாக டிசைன் செய்து, காகித ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டினார்கள். ஸ்டிக்கர் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 52 எக்ஸ் வேக டிரைவில் டிஸ்க் நிமிடத்துக்கு 10,000 சுற்று வரை சுழலும். ஸ்டிக்கர் ஒரு மயிரிழை கோணலாக ஒட்டியிருந்தாலும் டிரைவே அதிரும். நாள்பட்ட காகிதம் சுருங்கினால் டிஸ்க்கும் லேசாக வளையும். வேண்டாம் என்று உரித்தாலோ, உலோகப் பூச்சும் கூடவே கையோடு வந்துவிடும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கார்வாலிஸ் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. ஹியூலெட்-பேக்கர்டு (ஹெச்பி) நிறுவனத்தின் இங்க்ஜெட் தொழில்நுட்பம் வளர்ந்த இடம் அது. மையையே நம்பி வாழ்ந்த அந்த ஊரில்தான், மையே இல்லாமல் லேபிள் போடும் யோசனையும் பிறந்தது. அங்கே பணியாற்றிய பொறியாளர் டாரில் ஆண்டர்சனின் சிந்தனை எளிமையானது. டிரைவுக்குள் ஏற்கெனவே ஒரு லேசர் இருக்கிறது. தகவலை எழுதி முடித்ததும் டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு, அதே லேசரால் மேல்பக்கத்தில் படம் வரைந்தால் என்ன? ‘லைட்ஸ்கிரைப்’ என்ற பெயரில் 2004-ல் அறிவிக்கப்பட்ட இந்த முறை, அடுத்த ஆண்டுக்குள் கடைகளுக்கு வந்துவிட்டது.

சாதாரண டிஸ்க்கில் இது நடக்காது. லைட்ஸ்கிரைப் டிஸ்க்கின் மேல்பக்கத்தில், அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சி நிறம் மாறும் சாயம் பூசப்பட்டிருக்கும். பேருந்து நடத்துநர் கருவியிலிருந்து கிழித்துத் தருகிற டிக்கெட்டில் சூடு பட்ட இடம் கறுக்கிறதே, கிட்டத்தட்ட அதே வித்தைதான். சிடி படிக்கப் பயன்படும் 780 நானோமீட்டர் லேசர் பட்ட புள்ளி கறுக்கும்; படாத இடம் அப்படியே இருக்கும். டிவிடிக்கும் லேபிள் போட இந்த சிடி லேசரே போதும்.

இதில் மிக அழகான பகுதி, டிஸ்க்கின் நடு ஓட்டையைச் சுற்றியிருந்த வெள்ளி வளையம். உற்றுப் பார்த்தால் சக்கரத்தின் ஆரங்கள்போல நுண்ணிய கோடுகள் வரிசையாகத் தெரியும். தகவல் பக்கத்தில் லேசருக்கு வழிகாட்ட ஒரு சுருள் பள்ளம் உண்டு. மேல்பக்கத்தில் அப்படி எதுவும் கிடையாது. எனவே டிரைவில் கூடுதலாக ஒரு சென்சார் பொருத்தி, அந்தக் கோடுகளை எண்ணவைத்தார்கள். டிஸ்க் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது அதன் மூலம் டிரைவுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். இதனால் கிடைத்த வசதி சாதாரணமானதல்ல. இன்று ஒரு தலைப்பை எழுதிவிட்டு, அடுத்த மாதம் அதே டிஸ்க்கை மறுபடி போட்டு, காலியாக உள்ள இடத்தில் இன்னொரு வரியைச் சேர்க்கலாம். படம் வெளிறலாக வந்திருந்தால் அதன் மேலேயே இன்னொரு முறை ஓட்டிக் கருமை ஏற்றலாம். கோடு கோட்டின் மேலேயே அச்சு பிசகாமல் விழும்.

லேசர் நடுவிலிருந்து வெளியே, வட்டம் வட்டமாக வரைந்துகொண்டே போகும். ஆகவே டிசைன் எவ்வளவு தூரம் விளிம்பை நோக்கி நீள்கிறதோ அவ்வளவு நேரம் பிடிக்கும். மையத்தைச் சுற்றித் தலைப்பு மட்டும் என்றால் சில நிமிடங்கள். டிஸ்க் முழுக்கப் புகைப்படம், அதுவும் உயர்ந்த தரத்தில் என்றால் அரை மணி நேரம்கூட ஆகும். பெயரையும் தேதியையும் உள்வட்டத்தில் அடக்கிவிட்டால் நேரம் மிச்சம். படம் ஒரே நிறத்தில்தான் வரும். முதலில் பொன்னிறப் பின்னணியில் கருஞ்சாம்பல் மட்டுமே இருந்தது. பின்னர் சிவப்பு, பச்சை, நீலம் என்று பின்னணி நிறங்கள் வந்தன.

இந்தப் பாதையில் ஹெச்பி தனியாகவும் நடக்கவில்லை. 2002-லேயே யமஹா தன் சிஆர்டபிள்யூ-எஃப்1 ரைட்டரில், தகவல் பக்கத்தில் மிச்சமிருக்கும் இடத்தில் படம் பொறிக்கும் வசதியைத் தந்திருந்தது. பிறகு அந்நிறுவனம் ஃப்யூஜிஃபிலிமுடன் சேர்ந்து ‘லேபிள்ஃபிளாஷ்’ முறையை 2005-ல் கொண்டுவந்தது. அதில் சாயம் டிஸ்க்கின் உடலுக்குள்ளே இருந்ததால் படம் எளிதில் உரசி அழியாது. ஆனால் ஒரு முறைக்கான டிஸ்க்கில் மற்றதன் டிரைவால் லேபிள் போட முடியாது.

இத்தனை நல்ல கண்டுபிடிப்பு ஏன் நிலைக்கவில்லை? தனி டிரைவ், தனி டிஸ்க், தனி மென்பொருள் மூன்றும் வேண்டும். டிஸ்க்கின் விலையும் சாதாரண டிஸ்க்கைவிடக் கூடுதல். வெள்ளைப் பரப்புள்ள டிஸ்க்கில் நேரடியாக வண்ணத்தில் அச்சடிக்கும் இங்க்ஜெட் பிரிண்டர்கள் இன்னொரு பக்கம் போட்டிக்கு நின்றன. கடைசியில் பென் டிரைவ் வந்தது, மடிக்கணினிகளிலிருந்து டிஸ்க் டிரைவே காணாமல் போனது. 2013 வாக்கில் லைட்ஸ்கிரைப் மென்பொருளை வழங்கிவந்த அதிகாரபூர்வ இணையதளமும் மூடப்பட்டது.

அதற்குள் இந்த டிரைவுக்கு யாரும் நினைக்காத ஒரு வேலை கிடைத்துவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கேனரும் அவருடைய மாணவர் மஹர் எல்-காடியும், டிஸ்க்கின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அதில் கிராஃபைட் ஆக்சைடு கரைசலைப் பூசி உலர்த்தினார்கள். அதைக் கடையில் கிடைக்கும் லைட்ஸ்கிரைப் டிரைவில் போட்டு ஓட்டினார்கள். லேசர் பட்ட இடமெல்லாம் பழுப்பு மாறிக் கறுத்தது. அந்தக் கறுப்பு, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் கிராஃபீன். அதைக்கொண்டு வளையக்கூடிய, வேகமாக மின்னேற்றம் பெறும் சூப்பர்கெபாசிட்டர்களைச் செய்து, 2012 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். மறு ஆண்டே, ஒரே டிஸ்க்கில் நூற்றுக்கும் மேற்பட்ட நுண் சூப்பர்கெபாசிட்டர்களை அரை மணி நேரத்துக்குள் உருவாக்கிக் காட்டினார்கள். வீட்டு சிடிக்குப் பெயர் எழுத வந்த லேசர், ஆய்வகத்தில் விலையுயர்ந்த கருவிகளின் வேலையைச் செய்துகாட்டியது.

வீட்டில் இன்னும் லைட்ஸ்கிரைப் டிஸ்க்குகள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒளியால் எழுதிய எழுத்து ஒளியாலேயே மங்கும். ஜன்னலோர அலமாரியில் நிறுத்திவைத்தால் படம் மெல்ல வெளிறிப்போகும். விரல் ரேகையும் அதற்கு ஆகாது. லேபிளை இப்போதே ஒரு புகைப்படம் எடுத்து, உள்ளிருக்கும் தகவலையும் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, டிஸ்க்கை உறைக்குள் போட்டு இருட்டான பெட்டியில் வைக்கலாம். சாதாரண டிஸ்க்கில் கையால் எழுத வேண்டுமானால், சிடிக்கென்றே விற்கும் மென்முனைப் பேனாவால், நடு ஓட்டையை ஒட்டிய தெளிவான பிளாஸ்டிக் வளையத்தில் எழுதுவது நல்லது. அதற்கு அடியில் தகவல் எதுவும் கிடையாது.