ஸ்கேன் நார்மல் என்றால் மூளை நலமா?

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறோம். சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை என்கிறார்கள். நிம்மதியோடு வீடு திரும்புகிறோம். ஆனால் வாரங்கள் கடந்தும் அவர் பழைய ஆளாக இல்லை. சட்டென்று கோபப்படுகிறார், சொன்னதை மறக்கிறார், சிறு வேலைக்கே களைத்துப் போகிறார். சோம்பல் என்றும், திமிர் என்றும், காத்து கருப்பு என்றும் நாம் பெயர் சூட்டிவிடுகிறோம். உள்ளே நடந்திருக்கக்கூடியது வேறு.

மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைப்பவை நரம்பிழைகள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. வேகமாக மோதும்போது தலை சட்டென்று சுழன்று நிற்கிறது. மென்மையான மூளை முறுக்கப்பட்டு இழைகள் இழுபடுகின்றன. பெரும்பாலானவை அந்த நொடியிலேயே அறுந்துவிடுவதில்லை. இழைக்குள் சத்துகளைக் கடத்தும் நுண்குழாய்கள் முறிகின்றன. கடத்தப்பட வேண்டியவை வழியிலேயே தேங்கி, இழை வீங்குகிறது. சில மணி நேரத்திலோ நாட்களிலோ அது துண்டாகிறது. செல்லிலிருந்து பிரிந்த பகுதி பின்னர் சிதைந்து அழிகிறது.

வெட்டுப்பட்ட நரம்பு இப்படி அழிவதை 1850-இல் தவளையின் நாக்கு நரம்புகளில் கண்டு விவரித்தவர் ஆகஸ்டஸ் வாலர். கடும் தலைக்காயத்துக்குப் பிறகு மனித மூளையின் வெண்பகுதியில் பரவலான சிதைவு ஏற்படுவதை 1956-இல் சபீனா ஸ்ட்ரிச் எடுத்துக்காட்டினார். இருவரும் கண்டது நுண்ணோக்கியில்தான். அவ்வளவு நுண்ணிய சேதம் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதுவும் முழுமையாக அல்ல.

மூளைக்குள் அறுந்த இழையை ஒட்டவைக்கும் மருந்து இன்று இல்லை. ஆனால் மிஞ்சிய இழைகளைக் கொண்டு மூளை புதிதாகப் பழகிக்கொள்ளும். அதற்கு ஓய்வு, தூக்கம், பயிற்சி, வீட்டாரின் பொறுமை ஆகியவை வேண்டும். லேசாக அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். தேறாதவரை நரம்பியல் மருத்துவரிடம் மீண்டும் காட்ட வேண்டும்.

அடிபட்ட பிள்ளையை, மருத்துவர் சொல்லும்வரை விளையாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆறாத மூளை இன்னோர் அடியைத் தாங்காது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஸ்கேன் அறிக்கையை மட்டும் நம்பி, நம் வீட்டுப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிடாதிருப்போம்.