மவுஸைத் தொடாமல் இணையம்: விசைகளால் இயங்கும் உலாவிகள்

அலுவலகக் கணினியில் நாள் முழுவதும் வேலை செய்பவர்களுக்கு வலது மணிக்கட்டு வலி புதிதல்ல. தட்டச்சு செய்யும்போது இரண்டு கைகளும் விசைப்பலகையில் இருக்கின்றன. ஓர் இணைப்பைத் திறக்க வேண்டுமென்றால் வலது கை மட்டும் மவுஸுக்குப் போய்த் திரும்ப வேண்டும். கை நடுக்கம் உள்ள பெரியவர்களுக்கோ, சிறிய எழுத்தின் மேல் அம்புக்குறியைச் சரியாக நிறுத்துவதே பெரும்பாடு. இவர்களுக்குக் கைகொடுப்பவைதான் விசைகளால் இயங்கும் உலாவிகள்.

எப்படி இயங்குகின்றன?

இவற்றில் எஃப் விசையை ஒருமுறை தட்டினால், திரையில் உள்ள ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஓரிரு எழுத்துகள் கொண்ட சிறு சீட்டு தோன்றும். வேண்டிய இணைப்பின் சீட்டில் உள்ள எழுத்துகளைத் தட்டினால் அந்தப் பக்கம் திறந்துவிடும். ஜே தட்டினால் பக்கம் கீழே நகரும். கே தட்டினால் மேலே போகும். ஷிஃப்ட்டுடன் எச் தட்டினால் முந்திய பக்கத்துக்குத் திரும்பலாம். ஓ தட்டினால் முகவரி எழுதும் இடம் வரும்.

எழுத்துகளே கட்டளைகள் என்றால், படிவத்தில் பெயரை எப்படி எழுதுவது? எழுதும் கட்டத்துக்குள் சென்றதும் உலாவி எழுதும் நிலைக்கு மாறிக்கொள்ளும். எழுதி முடித்து எஸ்கேப் விசையைத் தட்டினால் மீண்டும் கட்டளை நிலை. புதியவர்கள் தடுமாறுவது இந்த இரண்டு நிலைகளுக்கு நடுவில்தான். எதுவும் நகரவில்லை என்றால் முதலில் எஸ்கேப் தட்டிப் பாருங்கள்.

கீழே போக ஏன் ஜே? 1976-இல் பில் ஜாய் என்ற அமெரிக்கர் விஐ என்னும் எழுத்துத் திருத்தி மென்பொருளை எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் தனி அம்பு விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. அந்தப் பழக்கம்தான் இன்றைய உலாவிகள் வரை வந்திருக்கிறது.

இரண்டு வழிகள்

முதல் வழி எளிது. இப்போது பயன்படுத்தும் குரோம், எட்ஜ் அல்லது ஃபயர்பாக்ஸிலேயே விமியம் என்ற இலவச நீட்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். சேமித்த கடவுச்சொற்களும் குறித்து வைத்த பக்கங்களும் அப்படியே இருக்கும். கேள்விக்குறியைத் தட்டினால் எல்லாக் கட்டளைகளும் பட்டியலாக வரும். உலாவியின் சொந்த அமைப்புப் பக்கங்களில் மட்டும் இது வேலை செய்யாது.

இரண்டாவது வழி, உலாவியையே மாற்றுவது. கியூட்பிரவுசர் இவ்வகையில் பலர் அறிந்தது. ஃபுளோரியன் புரூயின் 2013-இல் தொடங்கிய இந்த இலவச உலாவி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பொத்தான்கள் இல்லாததால் திரையின் பெரும்பகுதி பக்கத்துக்கே கிடைக்கிறது. ஆனால் குரோமில் உள்ளதுபோல் கடைக்குப் போய் நீட்சிகளைத் தேடிச் சேர்க்கும் வசதி இல்லை. சில கட்டளைகளும் மாறும். ஷிஃப்ட்டுடன் ஜே தட்டினால் விமியத்தில் இடப்பக்கத் தத்தலுக்குப் போகும். கியூட்பிரவுசரில் அடுத்த தத்தலுக்குப் போகும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனத்திற்கு

விசைப்பலகை தமிழில் இருக்கும்போது இந்தக் கட்டளைகள் வேலை செய்யாமல் போகலாம். தமிழ்99 அமைப்பில் ஜே இருக்கும் இடத்தில் 'ப', கே இருக்கும் இடத்தில் 'ம' வரும். உலாவி எதிர்பார்ப்பது ஆங்கில எழுத்தை. ஆகவே கட்டளைக்கு முன் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு, எழுதும் கட்டத்துக்குள் போன பிறகு தமிழுக்கு மாறுவது நல்லது. விசைப்பலகை எந்த மொழியில் இருந்தாலும் ஆங்கில அமைப்பாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லும் தெரிவு விமியத்தின் அமைப்புப் பக்கத்தில் உண்டு. அதையும் முயன்று பார்க்கலாம்.

பாதுகாப்பு

இத்தகைய நீட்சிகள், நீங்கள் திறக்கும் பக்கங்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். இணைப்புகளின் மேல் சீட்டு ஒட்ட அந்த அனுமதி தேவை. அதனால் உலாவியின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பிலிருந்து வேண்டாம். வங்கித் தளங்களில் நீட்சி இயங்காதபடி அதன் அமைப்பில் விலக்கி வைக்கலாம். வேறு உலாவிக்கு மாறுபவர்கள் அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பழைய பதிப்பில் பணப் பரிமாற்றம் செய்வது ஆபத்து.

எங்கிருந்து தொடங்குவது?

எதையும் பதிவிறக்காமல் இன்றே தொடங்கலாம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோலுடன் எல் தட்டினால் முகவரிப் பட்டை, டி தட்டினால் புதிய தத்தல், டபிள்யூ தட்டினால் தத்தல் மூடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்துத் தட்டினால் தவறி மூடிய தத்தல் திரும்ப வரும். இந்த நான்கும் விரலுக்குப் பழகிய பிறகு விமியம். அதுவும் போதவில்லை என்றால் கியூட்பிரவுசர்.

முதல் சில நாள்களில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அவசர வேலை இல்லாத நேரத்தில் பழகுங்கள். மவுஸைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. படம் திருத்தவும் வரைபடம் பார்க்கவும் அதுவே வசதி. கை வலி விடாமல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். உலாவியை மாற்றுவது சிகிச்சை ஆகாது; கைக்குக் கொஞ்சம் ஓய்வு தரும், அவ்வளவுதான்.