பத்து மணி நேரம் சார்ஜ் நிற்குமா?

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கும் பெற்றோர், விலைக்கு அடுத்தபடி கேட்பது சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத்தான். ‘பத்து மணி நேரம் வரை’ என்கிறது விளம்பரம். திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே வீடியோவைத் தொடர்ந்து ஓடவிட்டுப் போட்ட கணக்காக அது இருக்கலாம். வைஃபை, ஆன்லைன் வகுப்பு, திறந்தே கிடக்கும் பத்துப் பதினைந்து டேப் என்று போகும் மாணவரின் நாள் வேறு.

பார்க்க வேண்டியது பேட்டரியின் ‘வாட் ஹவர்’ அளவை. 42 வாட் ஹவர் பேட்டரி, லேப்டாப் 8 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரத்தைச் சற்றே தாண்டும். 15 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம்கூட வராது. எனவே பிராசஸரையும் கவனிக்க வேண்டும். இன்டெல்லில் பெயர் ‘யு’ என்று முடிந்தால் சிக்கனம், ‘எச்’ என்று முடிந்தால் வேகம். பாடம் படிக்கவும் புரொஜெக்ட் எழுதவும் ‘யு’ தாராளம். கேமிங் லேப்டாப்புக்கு அடம்பிடிக்கும் பிள்ளையிடம் சார்ஜரின் எடையையும் சொல்லிவிடலாம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பழைய லேப்டாப் வாங்குவோர், விண்டோஸின் ‘பேட்டரி ரிப்போர்ட்’டை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். புதிதில் 40 வாட் ஹவர் இருந்தது இப்போது 24 என்றால், பாதியை நெருங்கிவிட்டது. பேட்டரியோடு விண்டோஸ் பதிப்பையும் பார்க்க வேண்டும்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. மாற்று பேட்டரி என்றால் அதில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி உப்பினால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது.

‘விற்ற பொருளைத் திரும்பப் பெற இயலாது’ என்ற பலகைக்குப் பயப்பட வேண்டாம். பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, சொந்த ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

வாங்கும் அன்றே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு வையுங்கள். லேப்டாப்புக்கும் பேட்டரிக்கும் வாரன்டி காலம் வேறுபடுகிறதா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.