கட்டளைவரியிற் கட்டும் மென்பொருளும் பாட ஆராய்ச்சியும்

இலக்கியச் சொற்களையும் எழுத்துக்களையும் கணிப்பொறி கொண்டு எண்ணும் ஆராய்ச்சி இந்நாளிற் பெருகி வருகின்றது. அவ்வெண்களுக்குச் சான்று யாது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

பொருநைத் துறையாகிய 'கொற்கை' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ் மரபின்படி இதன்கண் உள்ளன கொ, ற், கை என்னும் மூன்று எழுத்துக்களே. 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையிலோ உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு பெறுதலின், இப்பெயர் ஆறு குறியீடுகளாகின்றது. 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் பிரித்துப் பதிந்தால் ஏழாகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வெவ்வேறு.

இவ்விடரைக் களைய எழுந்த கருவிகளுள் ஒன்று 'ஓப்பன்-தமிழ்' என்னும் பைத்தான் நிரற்றொகுதி. 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்தையா அண்ணாமலையும் பிறரும் இதனை மூலநிரலுடன் யாவர்க்கும் வழங்கியுள்ளனர். இது குறியீடுகளைத் தமிழெழுத்துக்களாகக் கூட்டி எண்ணித் தரும்.

இத்தகைய கருவியைக் கட்டளைவரியிற் கட்டுதல் நான்கு படிகளையுடையது. முதலாவது, 'கிட்' என்னும் கருவியால் மூலநிரலைப் பெறுதல். 2005இல் தோன்றிய கிட், நிரலின் ஒவ்வொரு நிலைக்கும் 40 குறிகளாலாய அடையாளம் ஒன்றைத் தருகின்றது. நிரலில் ஒரு புள்ளி மாறினும் புதிய நிலையின் அடையாளம் வேறாகும். இரண்டாவது, பிற நிரல்களோடு கலவாத தனிச்சூழல் அமைத்து, வேண்டிய துணைநிரல்களைப் பதிப்பெண் குறித்து நிறுவுதல். மூன்றாவது, மூலத்தைப் பொதியாகக் கட்டி நிறுவுதல். நான்காவது, உடன்வரும் சோதனைகளை இயக்கிப் பார்த்தல்.

கட்டளைகளைச் சுட்டியால் தொடாது எழுத்தால் இடுவதன் பயன், அவற்றை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைக்கலாம் என்பதே. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கிய 'மேக்' இந்நெறியைச் சார்ந்தது. எக்கோப்பு எதனைச் சார்ந்தது என எழுதிவைத்தால், அது கோப்புக்களின் காலத்தை ஒப்பிட்டு, மாறியவற்றைச் சார்ந்தனவற்றை மட்டும் மீளக் கட்டும். மூலத்தைத் திருத்தியபின் பழைய நிரலையே இயக்கி மயங்கும் இடர் இதனால் நீங்கிற்று. திருத்திய படியிருக்கத் திருத்தாத படியை அச்சிடுதல் போன்றது அவ்விடர்.

திருநெல்வேலிக் கவிராயர் இல்லங்களிலும் ஏடு தேடிய உ. வே. சாமிநாதையர், 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். ஏடுகள் கிடைத்த இடங்களைத் தம் முகவுரைகளிற் குறித்தமையால், அவர் கொண்ட பாடங்களின் மூலத்தைப் பின்வந்தோர் அறிய முடிந்தது. எண்ணால் முடிவு கூறுவோர்க்கும் இக்கடமை உண்டு. தச்சநல்லூரிலிருந்து ஒருவர் எண்ணிய எண்ணை யாழ்ப்பாணத்தார் ஒருவர் மீள எண்ணிப் பார்த்தல் வேண்டுமாயின், நிரலின் பெயர் மட்டும் போதாது. அதன் அடையாளமும், துணைநிரல்களின் பதிப்பெண்ணும், கட்டிய கட்டளைகளும், எண்ணப்பட்ட பாடக்கோப்பும் வேண்டும். இவையில்லாத எண் ஏடு காட்டாத பாடத்தை ஒக்கும். ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் இந்நான்கினையும் சேர்த்தல் தகும் என்பது எம் கருத்து.