கவச உடைக்கு ஒன்பது ஆண்டுகள்: தாமதத்துக்குப் பொறுப்பு யார்?

இராணுவக் கொள்முதல் என்றாலே ஊழலைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். அதற்கு நிகரான தீங்கு மற்றொன்று உண்டு: முடிவெடுக்காமல் காலம் கடத்துவது.

தரைப்படைக்கு 1,86,138 குண்டு துளைக்காத கவச உடைகள் வாங்க 2009-இல் ஒப்புதல் தரப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தானதோ 2018 ஏப்ரலில். மதிப்பு 639 கோடி ரூபாய். உடை ஒன்றுக்கு ஏறத்தாழ 34,000 ரூபாய். இடைக்கால ஏற்பாடாக 2016-இல் 50,000 உடைகள் வாங்கப்பட்டன. போர் விமானங்களுக்குச் செலவிடும் அரசுக்கு இது பெருந்தொகையன்று. ஆகவே, குறை பணத்தில் இல்லை. முடிவெடுக்கும் முறையில் இருக்கிறது.

அம்முறை என்ன? படைப்பிரிவு முதலில் தன் தரத்தேவைகளை வரையறுக்கிறது. பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் கவுன்சில் தேவையை ஏற்கிறது. பின்னர் ஒப்பந்தப்புள்ளி, களச் சோதனை, விலைப் பேச்சு, நிதி ஒப்புதல். கார்கில் போருக்குப் பின் 2001-இல் இக்கவுன்சிலும், 2002-இல் கொள்முதல் நடைமுறையும் உருவாக்கப்பட்டன. ஆயினும் ஒவ்வொரு கட்டமும் வெவ்வேறு கைகளில் இருப்பதால், முழுத் தாமதத்துக்கும் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

அச்சமும் ஒரு காரணம். கையெழுத்திட்டவர் நாளை விசாரணையை எதிர்கொள்ளலாம். கோப்பைக் கிடப்பில் போட்டவரைக் கேட்பார் இல்லை. 1987-இல் போபர்ஸ் விவகாரம் வெடித்த பிறகு, புதிய கனரகப் பீரங்கி இந்தியத் தரைப்படைக்கு வந்துசேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

மாற்றம் எங்கே தொடங்க வேண்டும்? முதலாவது, எட்டாத உயரத்தில் தரத்தேவைகளை எழுதிவிட்டுச் சோதனையில் எவரும் தேறவில்லை எனக் கைவிரிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இன்றியமையாதவை, கூடுதல் சிறப்புகள் எனத் தேவைகளைப் பிரித்த 2016-ஆம் ஆண்டு நடைமுறை இத்திசையில் ஒரு நல்ல அடி. இரண்டாவது, அவ்வுடையை அணிந்து மலையேறும் படைவீரரின் கருத்து தொடக்கத்திலேயே பதிவாக வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு கட்டத்துக்கும் காலக்கெடுவும் பொறுப்பு அலுவலரும் வேண்டும். கெடு தவறினால் அதன் காரணத்தை எழுத்தில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வைக்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவல்களுக்கு விலக்களிக்கிறது. கவசத்தின் நுட்பம் இரகசியமாக இருக்கட்டும். கோப்பு எந்த மேசையில் எத்தனை மாதம் உறங்கியது என்பது இரகசியமாக இருக்கத் தேவையில்லை.

முன்வரிசையில் நிற்போரில் பலர் சிற்றூர்களின் எளிய வீட்டுப் பிள்ளைகள். கோப்பு தாமதித்த ஒவ்வோர் ஆண்டும் அந்த உடையின்றி நின்றவர்கள் அவர்களே. அந்தக் கணக்கைக் கேட்பது நம் உரிமை.