"தலைக்கு எவ்வளவு, சாமி?"

ஆகஸ்டுத் திங்கள் நெருங்கும்போதெல்லாம் நம் பங்குகளில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறுகின்றது. செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. அதற்கு முன்போ பின்போ ஒருமுறை குடும்பத்தோடு சென்று வர வேண்டும் என்னும் ஆவல் எவருக்குத்தான் இராது? திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும் நம்மை நோக்கித் தாய்மார் கேட்கும் முதற் கேள்வி, "தலைக்கு எவ்வளவு, சாமி?" என்பதே.

நியாயமான கேள்விதான். ஐந்து பேர் உள்ள கூலிக் குடும்பத்திற்குத் தலைக்கு 100 ரூபாய் கூடினால், அது 500 ரூபாய். ஒரு நாள் உழைப்பு. ஆகவே பேருந்து வாடகை எதனால் ஏறுகின்றது, எதனால் இறங்குகின்றது, எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது என்பதை இக்கட்டுரையில் சற்று ஆராய்வோம். எங்கே குறைக்கக் கூடாது என்பதை நாம் ஏட்டிலிருந்து கற்கவில்லை. ஓர் இரவில் கற்றோம். அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

வாடகைக்கு எடுப்பது எதை?

வழித்தடப் பேருந்தில் ஏறுகிறவர் தமக்குரிய இருக்கைக்கு மட்டுமே சீட்டு வாங்குகின்றார். யாத்திரைக்குப் பேருந்து அமர்த்துகிறவரோ முழு வண்டியையும், அதன் நேரத்தையும், ஓட்டுநரின் உழைப்பையும் சேர்த்து வாங்குகின்றார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே வகுத்துள்ளது. ஒப்பந்தத்தில் எடுத்த வண்டி, வழியில் நின்று வேறு பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. எனவே காலியாகக் கிடக்கும் இருக்கைக்கும் வாடகை செலுத்துகிறவர்கள் நாமே.

இந்த ஒன்றை மனத்தில் கொண்டால், "பத்துப் பேர் வரவில்லை, வாடகையைக் குறைக்கக் கூடாதா?" என்று வண்டிக்காரரிடம் வாதிட மாட்டோம். ஐம்பது பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் வண்டி ஓடும் தூரமும் எரியும் டீசலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கிலோமீட்டரும் நாளும்

வாடகையின் அடித்தளம் தூரம். ஆனால் ஓடிய தூரத்திற்கு மட்டுமே பணம் என்று எண்ணிவிடலாகாது. நாளொன்றுக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று உரிமையாளர் ஓர் அளவு வைத்திருப்பார். 250 அல்லது 300 என்பது பல இடங்களில் வழக்கம். அதற்குக் குறைவாக ஓடினாலும் அந்த அளவுக்குரிய தொகையைச் செலுத்தியாக வேண்டும். வண்டி நம் கோயில் வாசலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வேறு சவாரி இன்றி அவருக்கு நட்டம் அன்றோ? தூரத்தை அளப்பதும் கோயில் வாசலிலிருந்து அன்று. வண்டி தன் ஷெட்டைவிட்டுப் புறப்பட்டு மீண்டும் ஷெட்டுக்குத் திரும்பும் வரையில் ஓடியது அனைத்தும் கணக்கில் சேரும். ஆகவே அருகிலுள்ள வண்டியை அமர்த்துவதே சிக்கனம்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். திண்டுக்கல் வட்டாரத்திலிருந்து திருச்சி, தஞ்சை வழியாக வேளாங்கண்ணி ஏறத்தாழ 250 கிலோமீட்டர். போய்வர 500. இடையில் பூண்டி மாதா திருத்தலத்திற்குச் சென்று வருவதையும், ஷெட்டிலிருந்து பங்கிற்கு வந்து திரும்புவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 600 ஆகும். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டுக் கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்றும், நாளுக்குக் குறைந்த அளவு 300 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம்.

வெள்ளி இரவு 10 மணிக்குப் புறப்பட்டு ஞாயிறு காலை திரும்பினால் என்ன ஆகும்? உரிமையாளர்களுள் பலர் நள்ளிரவு தொடங்கி மறு நள்ளிரவு வரையில் ஒரு நாள் என்று கணக்கிடுவர். அவ்வாறாயின் வெள்ளியன்று ஓடிய இரண்டு மணி நேரமும் ஒரு முழு நாளே. வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள், 900 கிலோமீட்டர், 45,000 ரூபாய். அதே யாத்திரையைச் சனி விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி ஞாயிறு இரவு 10 மணிக்குள் முடித்தால் இரண்டே நாள், 600 கிலோமீட்டர், 30,000 ரூபாய். ஐம்பது பேருக்குப் பங்கிட்டால் முன்னதில் தலைக்கு 900, பின்னதில் 600. புறப்படும் நேரத்தை ஆறு மணி நேரம் தள்ளி வைத்ததனால் மட்டுமே தலைக்கு 300 ரூபாய் மிச்சம். வேறு சிலர் புறப்பட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாள் என்பர். எந்த முறை என்பதை முன்கூட்டியே கேட்டு அறிந்து, அதற்கேற்பப் பயணத்தை அமைத்தல் வேண்டும்.

விலையை ஏற்றும் பிற காரணங்கள்

பெரிய பேருந்து ஒன்று லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிலோமீட்டரே ஓடும். நாம் கண்ட 600 கிலோமீட்டருக்கு 120 முதல் 150 லிட்டர் வேண்டும். எனவே டீசல் விலை ஏறும்போது வாடகை ஏறுவதில் வியப்பில்லை. குளிர்சாதன வசதி கேட்டால் டீசல் செலவும் கூடும், வாடகையும் கூடும். ஒரு பக்கம் இருவர், மறுபக்கம் மூவர் அமரும் வண்டியைவிட இருபுறமும் இருவர் அமரும் சாய்வு இருக்கை வண்டியில் ஆட்கள் குறைவு. ஆகவே தலைக்கு விழும் தொகை மிகுதி. முதியோர் பலர் வரும் யாத்திரையில் அந்த மிகுதி வீண் செலவன்று. இளைஞர் குழுவிற்கோ அது தேவையில்லை.

பருவமும் ஒரு பெருங்காரணம். கொடியேற்றம் தொடங்கித் திருநாள் முடியும் வரையில் எல்லாப் பங்குகளும் ஒரே வேளையில் வண்டி தேடுகின்றன. மே விடுமுறையிலும், முகூர்த்த நாள்களிலும், கார்த்திகை தொடங்கித் தை வரையிலான சபரிமலைப் பருவத்திலும் வண்டி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை மிகுதி. நோயாளிகளையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் திருநாள் நெருக்கத்தைத் தவிர்த்து வேறொரு மாதத்தில் சென்றால் வாடகையும் குறையும், அன்னையின் முன் அமைதியாக அமர்ந்து செபிக்க இடமும் கிடைக்கும்.

இவையன்றிச் சுங்கச்சாவடிக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், ஓட்டுநர் பேட்டா ஆகியன உள்ளன. திண்டுக்கல்–திருச்சி, திருச்சி–தஞ்சை நான்குவழிச் சாலைகளில் போகும்போதும் வரும்போதும் சுங்கம் உண்டு. பரணங்கானத்திற்கோ மலையாற்றூருக்கோ செல்வதாயின் மாநில எல்லையைக் கடக்க வேண்டும். வண்டிக்கு அகில இந்தியச் சுற்றுலாப் பர்மிட் உண்டா, தமிழ்நாட்டுப் பர்மிட் மட்டும்தானா என்று கேட்டறிதல் அவசியம். குறைந்த வாடகை சொன்னவர் இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். கூடுதலாகச் சொன்னவர் இவற்றையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். ஒத்திட்டுப் பாராமல் எது மலிவு என்று முடிவு செய்வது பேதைமை.

குறைக்கக் கூடாத செலவு

இனி அந்த இரவைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கிலிருந்து யாத்திரை புறப்பட்டபோது நாமே முன்னின்று வண்டி பேசினோம். வெள்ளி இரவு புறப்படுதல்; சனி முழுவதும் வேளாங்கண்ணி; இரவுத் தேர்பவனி கண்டு திரும்புதல்; ஞாயிறு திருப்பலிக்குப் பங்கில் இருத்தல். தங்கும் செலவு மிச்சம் என்பது நம் கணக்கு. உரிமையாளர், "இரண்டு ராத்திரியும் ஓட்டமா இருக்கு. ரெண்டு டிரைவர் போடணும், சாமி" என்றார். இரண்டாம் ஓட்டுநருக்கு 1,500 ரூபாய் கேட்டார். அதனை வெட்டியவர்கள் நாமே. "ஒருவரே போதும்" என்று விடாப்பிடியாக நின்றோம். அவரும் இசைந்தார். பங்குப் பேரவையில் அன்று நம் சாமர்த்தியத்தைப் பாராட்டினார்கள்.

திரும்பும் வழியில், தஞ்சாவூரைத் தாண்டிச் சில கல் தொலைவில், பின்னிரவு மூன்று மணியளவில், பேருந்து மெல்லச் சாலையைவிட்டு இறங்கியது. செபமாலை சொல்லிக்கொண்டு விழித்திருந்த ஒரு பாட்டியார் கூச்சலிட்டார். ஓட்டுநர் திடுக்கிட்டு விழித்துப் பிரேக்கை மிதித்தார். மண் சரிவில் சாய்ந்தவாறு வண்டி நின்றது. நான்கு அடிக்கு அப்பால் ஒரு புளியமரம். மடியில் உறங்கிய குழந்தைகள் உட்பட 52 பேர் அந்த வண்டியில் இருந்தனர். இறைவன் அருளால் எவருக்கும் பெருங்காயமில்லை.

கீழே இறங்கிய ஓட்டுநர் சக்கரத்தின் அருகில் அமர்ந்து அழுதார். "மன்னிச்சுக்கங்க, சாமி. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் ராமேஸ்வரம் டிரிப் முடிச்சு வந்தேன். வீட்டுக்குக்கூடப் போகல. நேத்துப் பகல்ல வண்டிக்குள்ள படுத்தேன், வெயில்ல தூக்கம் வரல" என்றார். அவரைக் கடிந்துகொள்ள நம் நாவு எழவில்லை. நாம் திருத்தலத்தில் நிழல் தேடி இளைப்பாறியபோது, நம் அனைவரின் உயிரையும் கையில் ஏந்திய மனிதர் எங்கே படுத்தார் என்று கேட்கவும் நமக்குத் தோன்றவில்லையே! நாம் வெட்டிய 1,500 ரூபாயை ஐம்பது பேருக்குப் பங்கிட்டுப் பார்த்தோம். தலைக்கு 30 ரூபாய். அந்த 30 ரூபாய்க்கு ஒரு மனிதரின் இரண்டு இரவு உறக்கத்தை விலைக்கு வாங்கியிருந்தோம்.

"அவர்தாம் ஒப்புக்கொண்டாரே" என்று சொல்லித் தப்ப இயலாது. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடல், இந்தச் சாக்கையே மறுக்கின்றது. வேறு வழியின்றி எளியவன் இசைந்த கூலி, அவன் இசைந்த காரணத்தாலேயே நீதியானதாகிவிடாது என்பது அதன் போதனை. நாட்டின் சட்டமும் இதனை அறியாததன்று. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், வேலை நேரம் நாளுக்கு 8 மணி என்று வரையறுத்தது. நெடுந்தொலைவுக்கும் திருவிழாக் காலத்திற்கும் உரிய அனுமதியோடு 10 மணி வரையில் மட்டுமே இடங்கொடுத்தது.

ஆகவே இப்போதெல்லாம் நாம் விடியற்காலையில் புறப்படுகின்றோம். இரவில் திருத்தலத்தில் தங்குகின்றோம். மறுநாள் நண்பகல் உணவுக்குப்பின் கிளம்பி இரவு உறங்கும் நேரத்திற்குள் வீடு சேருகின்றோம். ஓட்டுநருக்கும் படுக்க இடமும், நம்மோடு உணவும் உண்டு. இரவு ஓட்டம் தவிர்க்க இயலாதபோது இரண்டு ஓட்டுநர், அதில் பேரமில்லை. மேலே கணக்கிட்டுக் காட்டியபடி, தங்கும் செலவைச் சேர்த்தும் நமக்கு அதிகமாகிவிடவில்லை. மிச்சம் பிடிப்பதாக எண்ணி முன்பு நாம் செய்த ஏற்பாடே விலையிலும் கூடியது, ஆபத்திலும் கூடியது.

முன்பணமும் எளியோரும்

மற்றொரு தொல்லையும் உண்டு. பெயர் கொடுத்தவர்கள் புறப்படும் வேளையில் பின்வாங்குவது. 30,000 ரூபாயை ஐம்பது பேர் சுமந்தால் தலைக்கு 600. பத்துப் பேர் நின்றுவிட்டால் எஞ்சிய நாற்பது பேருக்கு 750. வசதியுள்ளவர் எளிதாக விட்டுச்சென்ற இருக்கையின் பாரம், நெடுநாள் சேமித்து வந்த ஏழையின் தலையில் விழுகின்றது. ஆகவே பெயரோடு முன்பணமும் பெறுவதும், பின்வாங்குவோர் தமக்கு ஈடாக ஒருவரை அனுப்புவதும் கண்டிப்பாக இருக்கட்டும். இருக்கைகள் மிஞ்சினால் வின்சென்ட் தே பவுல் சபையார் வழியாக ஒரு விதவைத் தாயையும் அவர் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம். வண்டி எப்படியும் ஓடத்தானே போகின்றது? நாற்பது பேர்தாம் உறுதி என்றால் தொடக்கத்திலேயே சிறிய வண்டியைப் பேசுவது அறிவுடைமை.

முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் பெற வேண்டியவை: மொத்த வாடகையும் அதில் அடங்குபவையும், குறைந்த கிலோமீட்டர், கூடுதல் கிலோமீட்டருக்கு என்ன விலை, நாள் கணக்கின் முறை, பேட்டாவும் சுங்கமும் யார் பொறுப்பு, வழியில் வண்டி பழுதானால் மாற்று வண்டி யார் தருவது, ஓட்டுநர் எத்தனை பேர், அதற்கு முந்தைய இரவு அவர்களுக்கு ஓய்வு உண்டா. பின்னர் தகுதிச் சான்று, காப்புறுதி, பர்மிட், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைக் கண்ணால் காண வேண்டும். வாடகை வண்டிக்கு மஞ்சள் எண் பலகை இருத்தல் வேண்டும். மலிவு என்று சரக்கு வண்டியில் மக்களை ஏற்றிச் செல்லும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் உண்டு. அது சட்டத்திற்கு மாறானது. விபத்து நேர்ந்தால் காப்புறுதித் தொகையும் கைக்கு எட்டாமற் போகலாம்.

அன்பர்களே, தலைக்கு எவ்வளவு என்று தாராளமாகக் கேளுங்கள். பங்குத்தந்தையும் பேரவையாரும் கணக்கை மறைவின்றிக் காட்டக் கடமைப்பட்டவர்கள். அதனோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "ஓட்டுநர் நேற்று உறங்கினாரா, சாமி?" நம் பங்கில் இப்போது அந்தக் கேள்வியை முதலில் கேட்பவர், அன்று கூச்சலிட்ட அந்தப் பாட்டியார்தாம்.